கடல் கடந்த உழைப்பும் ஊர் திரும்பும் உரிமையும்

முன்னுரை

நமது கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வரைந்தளிக்குமாறு மலர்க் குழுவினர் பணித்தனர். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தின் வரலாறு என்றவுடன் பலரும் ஆண்டாள் திருக்கோயிலையும் அதன் வானளாவிய கோபுரத்தையும் எழுதுவர். இராசபாளையத்தைப் பற்றியோ 1936ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பஞ்சாலையையும் அதன் பின்னர் எழுந்த ஆலைகளையும் எழுதுவர். செண்பகத்தோப்பு என்றால் 1988ஆம் ஆண்டு அறிவிக்கப்பெற்ற சாம்பல் நிற அணில் சரணாலயமும், காட்டழகர் கோயிலும், மலையிலிருந்து இறங்கும் ஓடைகளும் நினைவுக்கு வரும். இவை யாவும் எழுதத் தக்கவையே. ஆயினும் இம்மலையடிவாரத்துத் தோப்புகளிலும் வயல்களிலும் கூலிக்கு உழைத்து, மழை பொய்த்த ஆண்டுகளில் மூட்டை முடிச்சுடன் புறப்பட்டுக் கடல் கடந்த நம் முன்னோரின் வரலாற்றை நாமே எழுதினால் அன்றிப் பிறர் எழுதார்.

அவ்வரலாற்றிலும் ஒரு பகுதியை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்கிறேன். அயல்நாட்டில் வேலை செய்தவர்க்கு எத்தகைய வேலை நிபந்தனைகள் இருந்தன? ஓய்வு நாள் உண்டா? நோயுற்றால் கூலி உண்டா? தாய் தந்தையரைக் காண ஊருக்குத் திரும்பி வர விடுப்பு உண்டா? கேட்பதற்கு இவை சிறிய வினாக்களாகத் தோன்றலாம். ஆனால் ஒரு மனிதன் அடிமையா, தொழிலாளியா என்பதை அளந்தறிவதற்கு இவற்றினும் சிறந்த அளவுகோல் வேறில்லை என்பது என் கருத்து.

ஊரில் இருந்த நிலை

புறப்பட்டுச் சென்றவர் எத்தகைய நிலையிலிருந்து சென்றனர் என்பதை முதலில் காண்போம். அடிமை முறையைச் சட்டம் ஏற்பதில்லை என்று 1843ஆம் ஆண்டிலேயே ஆங்கில ஆட்சி சட்டம் இயற்றியது. சட்டம் ஏட்டில் இருந்தது. பண்ணையாள் முறை நாட்டில் இருந்தது. பண்ணையாளுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பதே கிடையாது. கூலி தானியமாக அளக்கப்பட்டது. திருமணத்திற்கோ சாவுச் செலவிற்கோ வாங்கிய கடன், தந்தை தலையிலிருந்து மகன் தலைக்கு இறங்கியது. பண்ணையாரின் ஒப்புதலின்றி அடுத்த ஊரில் வேலைக்குச் செல்லுதலும் இயலாது. ஆகவே விடுப்பு என்ற சொல்லுக்கு அவன் வாழ்வில் இடமே இல்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் வந்தபோது, கடன் கொடுத்த பண்ணைகளே கஞ்சிக்கு வழியின்றிக் கைவிட்டன. அப்போதுதான் ஆயிரக்கணக்கானோர் கடற்கரையை நோக்கி நடந்தனர்.

இவ்வட்டாரம் 1910ஆம் ஆண்டு இராமநாதபுரம் மாவட்டம் அமையும் வரையில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக இருப்புப் பாதை வந்தது 1927ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்னர் இலங்கைக்குச் செல்வோர் நடந்தோ மாட்டு வண்டியிலோ விருதுபட்டி சேர்ந்து, அங்கிருந்து புகைவண்டியில் தூத்துக்குடி செல்ல வேண்டும். தூத்துக்குடிக்கு அருகில் தட்டப்பாறையில் தொழிலாளர் முகாம் இருந்தது. 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பெற்றுத் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பின்னர், மண்டபம் முகாமே வாயிலாயிற்று. அங்கே சில நாட்கள் தடுத்து வைத்து, நோய்த் தடுப்பு ஊசி போட்டு, துணிகளை ஆவியில் இட்டு, பின்னரே கப்பலேற்றினர்.

மலாயா செல்ல வேண்டுமாயின் கிராம முன்சீபின் கையொப்பமும் வேண்டும். முன்சீபோ பெரும்பாலும் நிலமுடையோரின் உறவினர். ஆள் போய்விட்டால் வயலுக்கு யார் என்ற கவலை அவருக்கு. தஞ்சை மிராசுதார்கள் கூலியாட்கள் வெளிநாடு செல்வதை வெளிப்படையாகவே எதிர்த்தனர். எனவே நம்மவர் வெளிநாட்டு முதலாளியிடம் விடுப்புக் கேட்பதற்கு முன்னரே, சொந்த ஊரை விட்டுச் செல்வதற்கு ஊராரிடம் விடுப்புக் கேட்க வேண்டியிருந்தது.

ஒரு நாள் ஓய்வுக்கு இரு நாள் கூலி

பிரித்தானியப் பேரரசில் 1834ஆம் ஆண்டு அடிமை முறை ஒழிக்கப்பட்டதும், கரும்புத் தோட்ட முதலாளிகள் இந்தியக் கூலிகளை ஒப்பந்தத்தின் பேரில் இறக்குமதி செய்தனர். மொரீசியசும் நெட்டாலும் அவ்வாறு நம்மவர் சென்ற இடங்கள். நெட்டாலுக்குச் சென்ற முதற் கப்பலாகிய துரூரோ, 1860ஆம் ஆண்டு சென்னையிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16ஆம் நாள் தர்பன் துறையை அடைந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டில் மாதம் பத்து ஷில்லிங் கூலி, ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று எழுத்தில் இருந்தது.

மொரீசியசில் நடைமுறையில் இருந்த ஒரு விதியை மாணவர்களுக்கு நான் பலமுறை எடுத்துரைத்ததுண்டு. ஒரு நாள் வேலைக்கு வராத தொழிலாளிக்கு அந்நாளின் கூலி மட்டும் போகாது. உழைத்துச் சம்பாதித்த மற்றொரு நாளின் கூலியும் சேர்த்துப் பிடிக்கப்படும். இதனை இரட்டைப் பிடித்தம் என்றனர். பத்து நாள் காய்ச்சலில் கிடந்தவன் எழுந்தபோது இருபது நாள் கூலியை இழந்திருப்பான். நோய் என்பது குற்றமாகவும், ஓய்வு என்பது திருட்டாகவும் கணக்கெழுதப்பட்டது. 1872ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற அரச விசாரணைக் குழு இம்முறையின் கொடுமைகளை விரிவாக ஆராய்ந்தது.

நெட்டாலில் எழுத்து மூலமான விடுப்புச் சீட்டு இன்றித் தோட்டத்திற்கு வெளியே காணப்படும் ஒப்பந்தத் தொழிலாளியைப் பிடித்துச் சிறையிடச் சட்டம் இடம் தந்தது. ஒப்பந்தம் முடிந்த பின் அங்கேயே தங்க விரும்பியவர்கள் மீது மூன்று பவுன் ஆண்டு வரி விதிக்க 1895ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. இவ்வரியை எதிர்த்து 1913ஆம் ஆண்டு நடைபெற்ற பெரும் வேலை நிறுத்தத்தில் தமிழ்த் தொழிலாளரின் பங்கு மிகப் பெரிது. 1914ஆம் ஆண்டில் அவ்வரி நீக்கப்பட்டது.

அதே தென்னாப்பிரிக்காவில்தான் நம் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல்லாண்டு பணியாற்றினார் என்பதையும் நினைவிற்கொள்க. ஒரே சமூகத்தவர், ஒரே கடலைக் கடந்தவர்கள். எழுத்தறியாதவர் பெருவிரல் ரேகை வைத்துக் கரும்புத் தோட்டம் சென்றனர். கற்றவர் நீதிமன்றத்தில் அமர்ந்து பணி செய்து, தாயகம் திரும்பி, 1930ஆம் ஆண்டு இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் உரிமைக்குக் குரல் கொடுத்தார்.

காப்பியும் தேயிலையும்

நம் வட்டாரத்தார் மிகுதியாகச் சென்ற நாடு இலங்கை. அங்கு ஐந்தாண்டு ஒப்பந்த முறை நிலைபெறவில்லை. எனவே இலங்கைத் தொழிலாளர் சுதந்திரமானவர் என்று தோட்ட முதலாளிகள் பெருமை பேசினர். இக்கூற்றில் உண்மை எவ்வளவு என்று ஆராய்வோம்.

இலங்கை மலைநாட்டில் 1830களிலிருந்து காப்பித் தோட்டங்கள் பெருகின. காப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் மிகுதியான ஆட்கள் தேவை. ஆகவே நம்மவர் கூட்டமாகச் சென்று, சில மாதங்கள் உழைத்து, ஊரில் வேலைக் காலம் வந்ததும் திரும்பினர். மன்னாரிலிருந்து மாத்தளை வரையிலான காட்டுப் பாதையில் நடந்தே சென்றனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பல்லாயிரவர். கொடிய பயணம்தான். எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எப்போது ஊர் திரும்புவது என்பதைப் பருவம் தீர்மானித்தது. காப்பியின் நாட்காட்டியும் நெல்லின் நாட்காட்டியும் ஒன்றோடொன்று ஓரளவு இசைந்திருந்தன.

1869ஆம் ஆண்டில் காப்பிச் செடிகளை இலைநோய் தாக்கியது. பதினைந்து இருபது ஆண்டுகளில் காப்பி அழிந்து, அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்தூரையில் பயிரிட்ட தேயிலையே இதற்குத் தொடக்கம். தேயிலையின் இயல்பு வேறு. கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். ஒரு வாரத்திற்குச் சற்றே கூடுதலான இடைவெளியில் ஒவ்வொரு செடியிலும் கொழுந்து கிள்ளியாக வேண்டும்; காலம் தவறினால் கொழுந்து முற்றிவிடும். ஆகவே ஆண்டு முழுவதும் தோட்டத்திலேயே குடியிருக்கும் தொழிலாளர் தேவைப்பட்டனர். பெண்களின் விரல்கள் தேவைப்பட்டன. எனவே குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்து லயங்களில் குடியேற்றினர்.

இதுவே நம் மக்களின் வாழ்வைத் திருப்பிய திருப்பம். காப்பிக் காலத்தில் ஊர் திரும்புதல் வழக்கமாக இருந்தது. தேயிலைக் காலத்தில் அது பிறரிடம் கேட்டுப் பெறும் சலுகையாயிற்று. செடி மாறியதால் மனிதனின் உரிமை மாறியது என்றால் மிகையாகாது.

துண்டுச் சீட்டு

தோட்டத்தின் ஒரு நாள் விடியுமுன் தப்பு அடிப்பதில் தொடங்கும். பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூட வேண்டும். கணக்கப்பிள்ளை பேர் பதிவார். முழு நாள் வேலைக்கு ஒரு பேர். தாமதமாக வந்தாலோ, கொழுந்தின் நிறை குறைந்தாலோ அரைப்பேர். பேர் விழாத நாளுக்குக் கூலி இல்லை. மழை, காய்ச்சல், பிள்ளைப்பேறு எதுவாயினும் கணக்கு ஒன்றே.

இத்தொழிலாளரைக் கூட்டி வந்தவர் கங்காணி. பெரிய கங்காணியின் கீழ்ச் சில்லறைக் கங்காணிகள். பயணச் செலவு, வழிச் செலவு, ஊரில் தீர்த்த கடன் அனைத்தும் தொழிலாளியின் பற்றில் ஏறின. வேலைக்கு வந்த ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. இதன் பொருள் யாதெனின், தொழிலாளி ஒரு நாள் விடுப்பு எடுத்தால் கங்காணிக்கும் ஒரு நாள் வருவாய் குறையும் என்பதே. விடுப்புக் கொடுக்க வேண்டியவரே விடுப்பினால் நட்டமடைபவராக இருந்தால், விடுப்பு எங்ஙனம் கிடைக்கும்?

தோட்டத்தை விட்டுச் செல்ல வேண்டுமாயின் துண்டு வேண்டும். இக்கூட்டத்தின் கடன் இவ்வளவு. இதனைச் செலுத்தும் தோட்டத்திற்கு இவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று தோட்டத் துரை எழுதித் தரும் சீட்டே துண்டு எனப்பட்டது. புதிய தோட்டம் அக்கடனைச் செலுத்தி ஆட்களைப் பெற்றுக்கொள்ளும். பழைய கடன் புதிய கணக்கில் ஏறும். மனிதர் கை மாறினர். கடன் மட்டும் அவர்களைப் பின்தொடர்ந்தது. துண்டின்றி வெளியேறியவனைப் பிடித்துச் சிறையில் தள்ள 1865ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்தது. 1889ஆம் ஆண்டுச் சட்டமோ, ஒரு மாதம் உழைத்த கூலியை அம்மாதம் முடிந்து அறுபது நாட்களுக்குள் கொடுத்தால் போதும் என்றது. கையில் கூலி இல்லாதவன் ஊருக்குச் செல்வது எப்படி? துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

சாதி கடலைக் கடக்காது என்பார் உளர். அது கங்காணியோடு கப்பலேறிச் சென்றது. பெரிய கங்காணிகள் பெரும்பாலும் மேற்சாதியினர். லயங்கள் சாதி வாரியாகப் பிரிக்கப்பட்டன. திருவிழா முறையும் அவ்வாறே வகுக்கப்பட்டது. ஆயினும் ஒரு வேறுபாட்டை மறைத்தல் கூடாது. ஊரில் தானியக் கூலி பெற்றவர் அங்குப் பணக் கூலி பெற்றனர். பெண்கள் தம் பேரில் கூலி பெற்றனர். ஊருக்குத் திரும்பியோரில் சிலர் காணி நிலமும் வாங்கினர். அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' இதழ் இலங்கை, பர்மா, தென்னாப்பிரிக்கா, கோலார் தங்கவயல் ஆகிய இடங்களில் உழைத்த நம்மவரின் ஆதரவைப் பெற்று நடந்தது என்பதும் வரலாறு.

ஒரே தோட்டத்தில் இரு அயலார்

இங்கு ஓர் உண்மையை ஊன்றி நோக்குதல் வேண்டும். இலங்கைத் தோட்டத்தில் வேலை செய்த அயல்நாட்டார் இரு வகையினர். ஒருவர் லயத்தில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளி. மற்றவர் பங்களாவில் வாழ்ந்த துரை. இருவரும் பிற நாட்டிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்களே. இருவர்க்கும் தாயும் தந்தையும் கடலுக்கு அப்பால் இருந்தனர்.

துரையின் வேலை ஒப்பந்தத்தில், நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை பல மாதங்கள் சம்பளத்துடன் தாயகம் சென்று வரும் விடுப்பும் கப்பல் செலவும் இடம்பெற்றிருந்தன. வெப்ப நாட்டில் நெடுங்காலம் உழைத்தால் உடலும் உள்ளமும் தளரும்; எனவே தாயகக் காற்று அவசியம் என்று அதற்குக் காரணம் கூறினர். அக்காரணம் சரியானதே. ஆனால் உடலும் உள்ளமும் துரைக்கு மட்டுந்தானா உண்டு? மலைநாட்டுக் குளிரிலும் அட்டைக் கடியிலும் நாளெல்லாம் நனைந்த தொழிலாளிக்குத் தாயக விடுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. அவர் சென்று வருவதாயின் கூலியை இழந்து, கடனை வளர்த்தே சென்று வர வேண்டும். விடுப்பு என்பது பிறநாட்டில் உழைப்போர்க்கு இன்றியமையாதது என்பதை முதலாளிகள் நன்கறிந்திருந்தனர். யாருக்கு என்பதில்தான் வேறுபாடு.

மலாயாவில்

மலாயாவுக்கு ஆள் அனுப்ப 1907ஆம் ஆண்டு ஒரு நிதி ஏற்படுத்தப்பட்டது. முதலாளிகள் அனைவரும் அதற்குப் பணம் செலுத்தினர். அதிலிருந்து பயணச் செலவு தரப்பட்டதால், தொழிலாளி தலையில் பயணக் கடன் ஏறவில்லை. 1910ஆம் ஆண்டு ஒப்பந்தக் கூலி முறை அங்கு நிறுத்தப்பட்டது. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து வேலையிலிருந்து விலகலாம் என்று சட்டம் இடம் தந்தது. இலங்கையின் துண்டோடு ஒப்பிடின் இது முன்னேற்றமே.

அங்கும் விடுப்பு ஒரு வகையில் முதலாளிக்கே பயன்பட்டது. தோட்டத்தில் உழைக்கும் நம்பிக்கையான தொழிலாளிக்குக் கங்காணி உரிமச் சீட்டுக் கொடுத்து ஊருக்கு அனுப்புவர். அவர் நல்ல வேட்டி சட்டையுடன் ஊரில் வந்து இறங்குவார். உறவினரையும் சேரியாரையும் அழைத்துக்கொண்டு திரும்புவார். ஆள் பிடிப்பதற்காகத் தரப்பட்ட விடுப்பு அது.

கேட்காமலே கிடைத்த விடுப்பும் உண்டு. 1929ஆம் ஆண்டின் இறுதியில் உலகப் பொருளாதார வீழ்ச்சி தொடங்கி ரப்பர் விலை சரிந்ததும், நாளொன்றுக்கு ஆடவர்க்கு 50 காசும் பெண்டிர்க்கு 40 காசுமாக இருந்த நிலைக்கூலி 40, 32 எனக் குறைக்கப்பட்டது. இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டனர். வேண்டும்போது வராத கப்பல், வேண்டாதபோது வந்து நின்றது. இந்திய அரசு 1938ஆம் ஆண்டு மலாயாவுக்கு உதவி பெற்றுச் செல்லும் குடியேற்றத்தை நிறுத்தியது.

1941ஆம் ஆண்டு கிள்ளான் பகுதித் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். அவர்களுடைய கோரிக்கைகளில் சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, நீண்ட நேர வேலையை ஒழித்தல், தமிழ்க் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதைத் தடுத்தல், உறவினர் தோட்டத்திற்குள் வந்து காணும் உரிமை ஆகியவை இருந்தன. இவற்றோடு மற்றொன்றும் இருந்தது. துரையோ தோட்ட அதிகாரியோ எதிரில் வரும்போது மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை வேண்டும் என்பதே அது. நம் தெருக்களின் பழங்கதையை அறிந்தவர்க்கு இக்கோரிக்கையின் பொருள் விளங்காமற் போகாது. செருப்பணிந்து நடக்கவும் தோளில் துண்டு போடவும் தடுக்கப்பட்ட ஊரிலிருந்து சென்றவர்கள் மலாயாவில் கேட்டது கூலியை மட்டுமன்று. நிமிர்ந்து செல்லும் உரிமையையும் கேட்டனர். படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர்.

சட்டம் வந்த வழி

இந்திய அரசு 1922ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டத்தை இயற்றி, ஆட்களை அனுப்புவதைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. இலங்கையிலும் மலாயாவிலும் இந்திய அரசின் முகவர்கள் அமர்த்தப்பட்டனர். இவர்களின் வற்புறுத்தலால் இலங்கையில் 1927ஆம் ஆண்டு குறைந்த கூலிச் சட்டம் பிறந்தது. 1929ஆம் ஆண்டு முதல் மலைநாட்டில் ஆடவர்க்கு 54 சதம், பெண்டிர்க்கு 43 சதம், சிறுவர்க்கு 32 சதம் என நாட்கூலி வரையறுக்கப்பட்டது. ஒன்பது மணி நேரம் ஒரு நாள் வேலை எனப்பட்டது. கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மையும் தோட்டந்தோறும் சென்று தொழிற்சங்கம் வளர்த்தனர். 1940ஆம் ஆண்டு முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி காவலரின் குண்டுக்கு இரையானார். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைச் சட்டமும், 1941ஆம் ஆண்டின் ஊதியக் குழுச் சட்டமும் தொழிலாளருக்குச் சில பாதுகாப்புகளைத் தந்தன.

உலக அளவில், வார ஓய்வு குறித்துப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1921ஆம் ஆண்டு உடன்படிக்கை செய்தது. ஆண்டுக்குக் குறைந்தது ஆறு வேலை நாட்கள் சம்பள விடுப்பு என்பது 1936ஆம் ஆண்டின் உடன்படிக்கை. அதில் வேளாண் தொழிலாளர் இடம்பெறவில்லை. அவர்களுக்கான உடன்படிக்கை 1952ஆம் ஆண்டில்தான் வந்தது. நம் நாட்டிலோ 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள விடுப்பு என்று விதித்தது. மண்ணில் உழைப்பவனிடம் எந்த உரிமையும் கடைசியாகத்தான் வந்து சேர்கிறது.

இவ்வாறு விடுப்பு மெல்ல மெல்ல உரிமையாகி வந்த வேளையில், அதுவே கண்ணியாகவும் மாறியது. 1939ஆம் ஆண்டு இந்திய அரசு இலங்கைக்குக் கூலியாட்கள் செல்வதைத் தடை செய்த பின், ஊர் வந்தவர் திரும்பிச் செல்வது எளிதாக இல்லை. 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், விண்ணப்பித்துக் குடியுரிமை பெற வழி செய்தது. ஆனால் 1946ஆம் ஆண்டுத் தொடக்கத்திற்கு முன் மணமானவர் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் தொடர்ந்து இலங்கையில் வசித்திருக்க வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்டு நாட்டை விட்டு நீங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்படும். நோயுற்ற தாயைக் காண ஊர் வந்து ஓராண்டிற்கு மேல் தங்கிவிட்டவர், தம் வாழ்நாளெல்லாம் உழைத்த நாட்டில் உரிமையை இழக்கும் நிலை இவ்வாறு உண்டாயிற்று. லயத்தில் வாழ்ந்தவரிடம் பயணச் சான்றும் பிறப்புச் சான்றும் எங்கே இருந்திருக்கும்?

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா – சாஸ்திரி உடன்பாடு கையெழுத்தாயிற்று. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974ஆம் ஆண்டில் செம்பாதியாகப் பிரிக்கப்பட்டனர். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது.

இன்றைய நிலை

1970களுக்குப் பின் நம் இளைஞர்களின் பயணம் வளைகுடா நாடுகளை நோக்கித் திரும்பியது. மலேசியாவும் சிங்கப்பூரும் தொடர்கின்றன. துண்டுக்கு மாறாக விசாவும், கங்காணிக்கு மாறாக முகவரும் வந்துள்ளனர். எனினும் இன்று எழுத்தில் சட்டம் இருக்கிறது. அதை அறிதல் நம் கடமை.

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்திற்கு 48 மணி வேலை. ஓராண்டு பணி முடித்தவர்க்கு ஆண்டுக்கு 30 நாள் சம்பள விடுப்பு. பெற்றோர் இறந்தால் மூன்று நாள் சம்பள விடுப்பு. சவூதி அரேபியாவில் ஆண்டு விடுப்பு 21 நாள்; ஐந்தாண்டு பணிக்குப் பின் 30 நாள். கத்தாரில் மூன்று வாரம். ஐந்தாண்டுக்குப் பின் நான்கு வாரம். அங்கு நாட்டை விட்டு வெளியேற முதலாளியின் அனுமதி வேண்டும் என்ற விதி 2018, 2020ஆம் ஆண்டுகளில் பெரும்பாலோர்க்கு நீக்கப்பட்டது. அதுவரையில் அது துண்டின் மறுபிறப்பாகவே இருந்தது. மலேசியாவில் பணிக்காலத்திற்கேற்ப 8, 12, 16 நாள் ஆண்டு விடுப்பு. சிங்கப்பூரில் முதலாண்டு ஏழு நாள். ஆண்டுக்கு ஒன்றாக ஏறிப் பதினான்கு நாள் வரை. வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களுக்கோ பல நாடுகளில் பொதுவான தொழிலாளர் சட்டம் பொருந்தாது. தனி விதிகளே உண்டு. இதனைப் பெண்கள் புறப்படுமுன் கேட்டறிதல் வேண்டும்.

சட்டம் இருந்தும் பயன்படாத நிலையைக் கண்டிருக்கிறேன். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் வளைகுடா நாடொன்றில் கட்டட வேலைக்குச் சென்றார். தந்தையார் மறைந்த செய்தி கிடைத்தபோது அவருடைய கடவுச்சீட்டு முதலாளியின் பெட்டியில் இருந்தது. இரண்டாண்டு முடியாமல் விடுப்பு இல்லை என்று கூறிவிட்டனர். பதினாறாம் நாள் காரியத்திற்கும் அவர் வந்து சேரவில்லை. கொள்ளி வைத்தவர் தம்பி. ஊர் திரும்பிய பின் அவர் காட்டிய ஒப்பந்தத் தாள்களைப் படித்துப் பார்த்தேன். இரண்டாண்டுக்கு ஒருமுறை என்று அதில் இருந்தது விமானச் செலவுக்கான வரியே. விடுப்பு ஆண்டுதோறும் உண்டு என்று வேறொரு வரி கூறியது. இரண்டும் ஆங்கிலத்திலும் அரபியிலும் இருந்தன. எட்டாம் வகுப்போடு நின்றவர்க்கு அதைப் படித்துச் சொல்வார் அங்கு யாருமில்லை.

இந்தியாவின் 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடியேற்றப் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும் என்ற முறை ஏற்பட்டது. கல்லாதவரைக் காப்பதற்கென்றே வந்த ஏற்பாடு இது. ஆனால் முகவர் சிலர் அனுமதியைத் தவிர்க்கச் சுற்றுலா விசாவில் அனுப்பிவிடுகின்றனர். அங்ஙனம் சென்றவர்க்கு ஒப்பந்தமும் இல்லை, காப்பீடும் இல்லை, விடுப்பும் இல்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் விளங்குவது யாது? விடுப்பு என்பது சோம்பலுக்குத் தரப்படும் சலுகையன்று. தன் உழைப்பை விற்றவன் தன்னை விற்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. மொரீசியசில் அது தண்டிக்கப்பட்டது. இலங்கையில் கடனால் கட்டப்பட்டது. மலாயாவில் ஆள் பிடிக்கப் பயன்பட்டது. பின்னர்க் குடியுரிமையையே பறிக்கும் கருவியாயிற்று. இன்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் படிக்கத் தெரிந்தவர்க்கே கிடைக்கிறது.

ஆகவே வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகளுக்கு ஆசிரியன் என்ற முறையில் சில கூற விரும்புகிறேன். ஒப்பந்தத்தைப் புறப்படுமுன் பெற்று, படித்தறிந்தவரிடம் காட்டுங்கள். வேலை நேரம், வார ஓய்வு, ஆண்டு விடுப்பு, நோய் விடுப்பு, விமானச் செலவு ஆகிய ஐந்தையும் தனித்தனியே கேளுங்கள். ஒரு படியை வீட்டில் வைத்துச் செல்லுங்கள். கடவுச்சீட்டின் படியையும் அவ்வாறே வையுங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குச் செல்லாதீர்கள். இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணைச் சென்று சேர்ந்த அன்றே குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, பத்தாம் வகுப்பைத் தேறாமல் புறப்படாதீர்கள்.

நம் சங்கத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். மாலை நேரப் படிப்பகத்தில் வாரம் ஒரு நாளை, வெளிநாட்டு ஒப்பந்தங்களைப் படித்து விளக்கும் நாளாக ஒதுக்குதல் நலம். நம் பாட்டனார் பெருவிரலை மையில் தோய்த்து எதற்கு ஒப்பினார் என்பதை அறியாமலே கப்பலேறினார். அவர்தம் பேரப்பிள்ளைகள் ஒவ்வொரு வரியையும் படித்து, பொருளறிந்து, கையெழுத்திடும் நிலையை உண்டாக்குவதே இச்சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணியாக அமைக. வாழ்க சங்கம்! வளர்க கல்வி!